விதைப்பும் அறுப்பும்

வேதபாடம்: கலாத்தியர் 6:7-10

கிறிஸ்துவுக்குள் அன்பான ஊழியப் பங்காளர்களே,

விதைக்குத் தக்க அறுவடை உண்டு என்று பவுல் அப்போஸ்தலன் கலாத்திய சபையாரை எச்சரித்தார். குடியினால் ஈரல் கெட்டு எங்கள் வார்டில் படுத்திருக்கும் சகோதரனுக்கு இதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. அவரே அறிவார்.

ஆனால் ஊழியத்தின் ஆரம்ப நாட்களில், தொழுநோயால் விரல்களை இழந்த ஒரு சகோதரன், "ஐயா, நான் என்ன பாவம் செய்தேன்?" என்று கேட்டார். "உம்மை நீரே சோதித்துப் பாரும்" என்று சொல்லிவிட்டோம். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். யோபுவின் சிநேகிதர் செய்த தவற்றையே நாங்களும் செய்தோம். அதன்பின் இவ்வசனத்தை மறுபடியும் படித்தபோது மூன்று காரியங்களைக் கற்றுக்கொண்டோம்.

முதலாவது, இவ்வசனம் விதைக்கிறவனுக்குச் சொல்லப்பட்டது. பிறனுடைய வயலை நியாயந்தீர்ப்பதற்கு அல்ல. பிறவிக்குருடனைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீஷர் கேட்டபோது ஆண்டவர் அந்தக் கணக்கையே மறுத்தார் (யோவான் 9). சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரும் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்றார் (லூக்கா 13). தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமியே என்று 1873-ல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்தார். உணர்விழந்த கையில் ஏற்படும் காயங்களும் புண்களுமே விரல்களை அழிக்கின்றன. இன்று கூட்டு மருந்துச் சிகிச்சையால் இந்நோய் குணமாகிறது.

இரண்டாவது, பாவமன்னிப்பு எல்லா விளைவுகளையும் அகற்றிவிடுவதில்லை. மனந்திரும்பிய கள்ளன் தன் தண்டனை நியாயமானதென்று ஒப்புக்கொண்டான். பரதீசைப் பெற்றான், ஆனாலும் சிலுவையிலிருந்து இறக்கப்படவில்லை (லூக்கா 23). அவன் பாடுபட்ட வேளையில் இரட்சகர் அருகில் இருந்தார். ஈரல் கெட்ட சகோதரனுக்கு நாங்கள் சொல்லும் ஆறுதல் இதுவே.

மூன்றாவது, பவுல் எச்சரிப்போடு நிறுத்தவில்லை. சோர்ந்துபோகாமல் நன்மை செய்கிறவர்களுக்கும் ஏற்ற காலத்தில் அறுவடை உண்டு என்கிறார். நீங்கள் அனுப்பும் காணிக்கையும் அப்படிப்பட்ட விதையே. முளைப்பதை நீங்கள் நேரில் காணாமலிருக்கலாம். இங்கே கட்டுப் போடப்படும் ஒவ்வொரு புண்ணிலும் நாங்கள் காண்கிறோம்.

அந்தச் சகோதரனிடம் நாங்கள் பிற்பாடு மன்னிப்புக் கேட்டோம். "இதைக் கேட்க இத்தனை நாள் காத்திருந்தேன், ஐயா" என்றார். பிறனுடைய வயலை ஆண்டவரிடம் விட்டுவிட்டு, நம் கையிலுள்ள விதையைச் சோதித்துப் பார்ப்போமாக.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

ஜெபத்துடன்,
மருத்துவமனைப் போதகர்