தால் ஏரியில் ஒரு நாள்

இந்தியாவின் வடக்கே இருக்கிறது காஷ்மீர். அங்கே ஸ்ரீநகர் என்று ஒரு பெரிய நகரம். நகரத்தை ஒட்டி ஓர் ஏரி. அதன் பெயர் தால் ஏரி.

இது மலைநாட்டு ஏரி. கடல் மட்டத்தைவிடச் சுமார் 1,580 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிழக்கே ஜபர்வான் மலை. மலையில் பனி உருகும். அந்தத் தண்ணீர் ஓடை வழியாக ஏரிக்கு வரும்.

ஏரிக்குள்ளேயே மக்கள் வாழ்கிறார்கள். சிலருக்குப் படகுதான் வீடு. சிலருக்கு ஏரிக்குள் இருக்கும் திட்டுகளில் வீடு. மிதக்கும் தபால் நிலையம்கூட உண்டு! அக்கம்பக்கம் போக வேண்டுமா? படகில்தான் போக வேண்டும். சின்னப் படகுக்கு அங்கே 'ஷிகாரா' என்று பெயர். தேவதாரு மரத்தில் செய்வார்கள். துடுப்பின் முனை அரச இலை போல இருக்கும்.

ஏரியில் ஒரு படகுக்காரர். அவருடைய நண்பர் நகரத்தில் தச்சு வேலை செய்பவர். ஏரிக்கரையில்தான் தச்சர் தினமும் போகிறார், வருகிறார். ஆனால் ஏரியை முழுதாகச் சுற்றிப் பார்த்ததில்லை. ஒரு கோடைக்கால ஞாயிற்றுக்கிழமை படகுக்காரர் அவரைக் கூட்டிப் போனார்.

"நடுவில் உட்காருங்க பாய். எழுந்து நிற்காதீங்க. சின்னப் படகு, சாய்ந்துவிடும்" என்றார் படகுக்காரர்.

இருள் பிரியும் நேரம். முதலில் காய்கறிச் சந்தைக்குப் போனார்கள். அது தண்ணீர்மேல் நடக்கும் சந்தை. எங்கே பார்த்தாலும் படகுகள். படகு நிறையக் கீரை, தக்காளி, வெள்ளரி, சுரைக்காய். படகில் இருந்தபடியே விலை பேசுகிறார்கள். படகுக்குப் படகு கூடை மாறுகிறது. வெயில் ஏறும் முன்பே சந்தை கலைந்துவிட்டது.

"இவ்வளவு காயும் எங்கே விளையுது?" என்று கேட்டார் தச்சர்.

"இதோ, இங்கேதான்" என்று படகுக்காரர் தோட்டத்தைக் காட்டினார்.

அது மிதக்கும் தோட்டம். ஏரியில் வளரும் கோரையைப் பாய் போலச் சேர்த்துக் கட்டுகிறார்கள். அதன்மேல் நீர்ச்செடியும் சேறும் போடுகிறார்கள். அதில்தான் பயிர். தோட்டம் நகராமல் இருக்கக் கழி நட்டிருக்கிறார்கள். கழியைப் பிடுங்கினால் தோட்டத்தையே படகில் கட்டி இழுத்துப் போகலாம். அப்படித் தோட்டத்தைத் திருடிப் போனதும் உண்டு!

பக்கத்தில் தாமரைக் காடு. தாமரைத் தண்டு காஷ்மீர் மக்களுக்குப் பிடித்த காய். 2014-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பெருவெள்ளம் வந்தது. தாமரை அழிந்தது. அது மறுபடி தழைக்கச் சில ஆண்டுகள் ஆயின. அதுவரை தண்டு எடுத்துப் பிழைத்தவர்கள் கஷ்டப்பட்டார்கள்.

மதியம் ஆனது. இருவரும் ரொட்டி சாப்பிட்டார்கள். உப்புப் போட்ட தேநீர் குடித்தார்கள். பிறகு நகரத்துப் பக்கமாகப் படகு திரும்பியது. கொஞ்ச தூரத்தில் துடுப்பு சிக்கிக்கொண்டது. தண்ணீர் முழுக்கச் செடி, பாசி. கெட்ட வாடை வேறு.

"இங்கே மட்டும் ஏன் இவ்வளவு பாசி?" என்றார் தச்சர்.

"வயலுக்கு எரு போட்டால் பயிர் தழைக்கும். ஏரிக்கு எரு போட்டால் பாசி தழைக்கும்" என்றார் படகுக்காரர்.

"ஏரிக்கு யார் எரு போட்டாங்க?"

"நாமதான் பாய். என் வீட்டுக் கழிவு ஏரியில் விழுது. உங்க வீட்டுச் சாக்கடை எங்கே போகுது?"

தச்சர் யோசித்தார். சாக்கடை தெருமுனை வரை போவது தெரியும். அதற்கு அப்பால் எங்கே போகிறது? அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

படகுக்காரர் சொன்னது உண்மை. மனிதக் கழிவிலும் சாக்கடையிலும் எருச்சத்து இருக்கிறது. சோப்புத் தண்ணீரிலும் இருக்கலாம். அது ஏரியில் கலந்தால் பாசியும் செடியும் மளமளவென்று வளரும். அவை செத்து அழுகும். அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயு குறையும். மீன் மூச்சுவிட முடியாமல் சாகும். அழுகியது அடியில் சேறாகப் படியும். தால் ஏரி ஆழம் குறைந்த ஏரி. பல இடங்களில் ஓர் ஆள் ஆழம்கூட இல்லை. சேறு ஏற ஏற ஏரி தூர்ந்து போகும்.

ஏரி போனால் தோட்டம் போகும். தாமரை போகும். மீன் போகும். படகுக்காரர் பிழைப்பும் போகும்.

ஏரியைக் காக்க வேலையும் நடக்கிறது. 1997-ஆம் ஆண்டு இதற்கென்று தனி அமைப்பு ஏற்பட்டது. படகிலும் இயந்திரத்திலும் பாசியை எடுக்கிறார்கள். சாக்கடை நீரைச் சுத்தம் செய்யும் நிலையங்கள் கட்டியிருக்கிறார்கள். ஆனால் எடுத்த பாசி மறுபடி வளர்கிறது. ஏன்? அழுக்கு இன்னும் வருகிறது. கழிவு நின்றால்தான் பாசி குறையும்.

யோசித்துப் பேசுவோம்

1. மிதக்கும் தோட்டத்தை எப்படி அமைக்கிறார்கள்?
2. ஏரியில் பாசி அதிகமாக வளர்வது ஏன்? அதனால் என்ன கெடுதல்?
3. உங்கள் வீட்டுச் சாக்கடை எங்கே போய்ச் சேர்கிறது? நடந்து போய்ப் பாருங்கள். பார்த்ததை ஐந்து வரியில் எழுதுங்கள்.
4. உங்கள் ஊர் ஏரியையோ குளத்தையோ நம்பிப் பிழைப்பவர்கள் யார் யார்? பெயர்களை எழுதுங்கள். கழிவு கலக்காமல் இருக்க என்ன செய்யலாம்? கூடிப் பேசுங்கள்.