தோல் உப்பும் பாலாற்றுக் கிணறுகளும்

கடற்கரையில் மீன்பிடிப்போருக்குக் கடல் எப்படியோ, அப்படியே வேலூர், ஆம்பூர்ப் பிரதேசத்துக் குடியானவர்களுக்குப் பாலாறு. நந்தி மலையில் உற்பத்தியாகி, வாயலூருக்கருகே வங்காள விரிகுடாவில் சேரும் இந்நதி ஓடுகிறதென்பது உபசார வார்த்தையே. வருஷத்தில் அநேக மாதங்கள் மணல்தான் தெரியும். ஜலம் மணலுக்கடியில் இருக்கிறது. கரையோரக் கிணறுகள் யாவும் அந்த ஒரே ஊற்றைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆதலால் அண்டையிலுள்ள கிணறு கெட்டால் தன் கிணறு தப்புமென்று எவரும் நம்பியிருப்பதற்கில்லை.

முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு வாரக்கணக்கில் தோல் பதனிட்டனர். 1970-களுக்குப் பின், முழுதும் பதனிட்ட தோலையே வெளிநாட்டிற்கு அனுப்ப வேண்டுமென்ற கொள்கையால், குரோமிய உப்பு முறை பெருகிற்று. ஒரு கிலோ தோலுக்கு 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. குரோமியத்தைப் பற்றியே ஜனங்கள் அதிகம் பேசுகின்றனர். ஆனால் நிலத்தை முதலில் கெடுப்பது சாதாரண உப்பு. பச்சைத்தோல் அழுகாதிருக்க ஏராளமான உப்பைத் தூவி வைக்கின்றனர். ஊறவைக்கும்போது அது தண்ணீரில் கரைந்து வெளியேறுகிறது. சுத்திகரிப்பில் குரோமியம் பெரும்பாலும் சேறாய்ப் படிந்துவிடும். கரைந்த உப்போ சாமானிய முறைகளுக்கு அகப்படாது.

1996 ஆகஸ்டு 28-ல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு, தோல் பதனிடும் பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதுமாகவோ பாதியாகவோ பயிருக்கு உதவாமற் போனதென்ற ஆராய்ச்சியைக் குறிப்பிட்டது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டுமென்பதும் அதில் உறுதியாயிற்று. அங்ஙனமிருந்தும், நிர்ணயித்த நஷ்டஈட்டைப் பெறாதவர்களுக்கு முதலில் சர்க்கார் கொடுத்து, பிறகு ஆலைகளிடம் வசூலிக்கும்படி 2025 ஜனவரியில் அதே கோர்ட்டு மறுபடி உத்தரவிட நேர்ந்தது!

தொழிலையே மூடிவிடலாமென்று சொல்வது எளிது. ஆம்பூர்ச் செருப்பு ஆலைகளில் கூலி பெறும் பெண்களில் பலர் குடியானவர் வீட்டுப் பெண்களே.

கடன் சங்கங்களுக்கும் இதில் நேரான சம்பந்தமுண்டு. கிணறு உப்பாகிவிட்டால் மகசூல் குறையும், தவணை தவறும், ஈடாக வைத்த நிலமும் விலை போகாது. களர் பாய்ந்த மண்ணுக்கு ஜிப்சம் போட்டால் குணமுண்டு. ஆயினும் உப்பைக் கழுவி இறக்க நல்ல தண்ணீர் வேண்டும், அதுதானே அகப்படாத பொருள்!

ஆகவே அங்கத்தினர் ஒவ்வொருவரும் மழைக்கு முன்னும் பின்னும், மோட்டாரைச் சற்று நேரம் ஓட விட்டபின் சுத்தமான பாட்டிலில் தண்ணீர் பிடித்து, மண் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி, முடிவைத் தேதியுடன் சங்கத்தில் பதிய வேண்டும். ஆலைக்காரர்கள் தோலை ஊறவைக்குமுன் ஒட்டியுள்ள உப்பை உதறித் தனியே எடுத்துவிட்டால் கழிவுநீரில் உப்பு ஓரளவு குறையும்; செலவும் சொற்பமே. வருஷவாரிப் பரிசோதனைக் கணக்கு கையிலிருந்தால், சங்கம் இதைக் கேட்கும்போது தட்டிக்கழிப்பது அவர்களுக்குக் கடினமாயிருக்கும்.