வெளியூர் ரசிகரைத் தடுத்துவிட்டால் மைதானம் பாதுகாப்பாகிவிடுமா?

குரும்பலூர், பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் மின்னொளிக் கபடியோ கால்பந்தோ நடத்த விழாக்குழு உட்கார்ந்தால் ஒரு பேச்சு வந்தே தீரும்: “டீம் வரட்டும், கூட ஆள் வரவேண்டாம்.” இரண்டு ஊருக்கும் இடையே பழைய கசப்பு இருந்தால், அல்லது தேர்தல் நெருங்கியிருந்தால், அந்தக் குரல் இன்னும் ஓங்கும். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம் 2025 அக்டோபரில் எடுத்த முடிவும் இதுதான். ஆஸ்டன் வில்லா அணியுடன் மோத வந்த இஸ்ரேலின் மக்காபி டெல் அவிவ் ஆடலாம், அதன் ரசிகர் ஒருவரும் உள்ளே வரக்கூடாது. காஸா போரின் கொதிப்பும் பாதுகாப்பு அச்சமும் காரணமாகச் சொல்லப்பட்டன. இந்த வகைத் தடையைச் சுற்றி நம்மிடம் உறுதியாக நிற்கும் சில நம்பிக்கைகளை உரசிப் பார்ப்போம்.

நம்பிக்கை: எதிரணி ரசிகர் இல்லையென்றால் உயிருக்கு ஆபத்து இல்லை.

கால்பந்து வரலாற்றின் மிகக் கொடிய இரவுகளில் ஒன்று, எதிரணி ரசிகர் ஒருவரும் அனுமதிக்கப்படாத மைதானத்தில்தான் நடந்தது. இந்தோனேசியாவின் மலாங் நகர், கஞ்சுருஹான் மைதானம், 2022 அக்டோபர் 1. அரேமா அணிக்கும் சுரபாயாவின் பெர்செபாயா அணிக்கும் ஆட்டம். பரம்பரைப் பகை என்பதால் சுரபாயா ரசிகருக்கு முன்கூட்டியே தடை. ஆட்டத்தை மாலையிலேயே முடித்துவிடுங்கள் என்று போலீஸ் கேட்டது. அது நடக்கவில்லை, இரவில்தான் ஆட்டம் தொடங்கியது. சுமார் 38,000 பேர் கொள்ளும் இடத்துக்கு 42,000 டிக்கெட் விற்கப்பட்டிருந்தது.

அரேமா 2-3 என்று தோற்றது. உள்ளூர் ரசிகர் சிலர் தங்கள் ஆட்டக்காரர்களை நோக்கி மைதானத்துக்குள் இறங்கினார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகைக் குண்டு வீசியது. மைதானத்துக்குள் மட்டுமில்லை, குடும்பங்கள் உட்கார்ந்திருந்த மாடத்தின் மீதும் வீசியது. மைதானத்துக்குள் கூட்டத்தைக் கலைக்கும் புகையைப் பயன்படுத்தவே கூடாது என்பது ஃபிஃபாவின் பாதுகாப்பு விதி. புகைக்குத் தப்பி எல்லோரும் வாயிலை நோக்கி ஓடினார்கள். மாடத்திலிருந்து செங்குத்தாக இறங்கும் படிக்கட்டு, அதன் அடியில் ஓரிருவர் மட்டுமே நுழையக்கூடிய இரும்புக் கதவு, சில இடங்களில் அதுவும் மூடிக்கிடந்தது. 13-ஆம் எண் வாயிலில் மேலிருந்து வந்தவர்கள் கீழே விழுந்தவர்களின் மேல் விழுந்தார்கள். 135 பேர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகள் பலர். சாவுக்குக் காரணமான எதிரணி ரசிகர் என்று கைகாட்ட அங்கே யாரும் இல்லை.

அதிக டிக்கெட், குறுகிய கதவு, பதற்றமான போலீஸ், தவறான நேரம்: இந்த நான்கில் ஒன்றைக்கூட எதிரணி ரசிகருக்கான தடை தொடவில்லை. தடை போட்டாயிற்று என்ற நிம்மதியில் கதவை யாரும் பார்க்கவில்லையோ என்றுகூட நான் சந்தேகிக்கிறேன்.

அர்ஜென்டினாவின் அனுபவமும் இதை ஒட்டியதே. 2013-இல் லனூஸ் அணியின் ரசிகர் ஒருவர் இறந்த பிறகு அங்கே எதிரணி ரசிகரை அனுமதிப்பதை நிறுத்தினார்கள். அவர் இறந்தது எதிரணி ரசிகர் அடித்ததால் அல்ல, போலீசின் ரப்பர் குண்டு பட்டதால். 2018-இல் புவெனோஸ் அய்ரெஸில் ரிவர் பிளேட்டுக்கும் போகா ஜூனியர்ஸுக்கும் இறுதியாட்டம். உள்ளே ரிவர் ரசிகருக்கு மட்டும் இடம். வந்து சேர்ந்த போகா அணியின் பேருந்தை உள்ளூர் ரசிகர்கள் கல்லால் அடித்துக் கண்ணாடியை நொறுக்கினார்கள், ஆட்டக்காரர்கள் காயம்பட்டார்கள், ஆட்டம் நின்றுபோனது. பிறகு அதே ஆட்டம் டிசம்பர் 9 அன்று ஸ்பெயினின் மாட்ரிட்டில் நடந்தது. அங்கே இரண்டு அணி ரசிகரும் தனித்தனி மாடங்களில் உட்கார்ந்தார்கள், போலீஸ் ஆயிரக்கணக்கில் நின்றது, ஆட்டம் முழுதாக முடிந்தது.

நம்பிக்கை: தடை என்றால் வெளியூர்க்காரர் வரமாட்டார்.

வருவார், டிக்கெட் இல்லாமல், போலீஸ் கண்ணில் படாமல் வருவார். 2023 ஆகஸ்டில் ஏதென்ஸில் நடக்கவிருந்த ஆட்டத்துக்குக் குரோஷியாவின் டினாமோ ஜாக்ரெப் ரசிகர் வரக்கூடாது என்று ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் தடை போட்டிருந்தது. ஆட்டத்துக்கு முந்தின இரவு அவர்கள் கூட்டமாகக் கார்களில் வந்து சேர்ந்தார்கள். மைதானத்துக்கு வெளியே நடந்த சண்டையில் உள்ளூர் ரசிகரான 29 வயது இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார். டிக்கெட் வாங்கி, பெயர் பதிந்து, போலீஸ் துணையோடு ஒரே பேருந்தில் வருகிற கூட்டம் எங்கே இருக்கிறது என்று தெரியும். சந்து பொந்து வழியாக வருகிற கூட்டத்தை யார் எண்ணுவது?

நம்பிக்கை: போலீஸ் வேண்டாம் என்று சொன்னால் கையில் ஆதாரம் இருக்கும்.

பர்மிங்காமில் நடந்ததை நிதானமாகப் பார்க்க வேண்டும். மக்காபி ரசிகரில் ஒரு பகுதியினர் மோசமானவர்கள் என்பதில் பொய் இல்லை. 2024 நவம்பரில் ஆம்ஸ்டர்டாமில் பாலஸ்தீனக் கொடியைப் பிடுங்கினார்கள், டாக்ஸியைத் தாக்கினார்கள், அரபு மக்களை இழித்துக் கோஷமிட்டார்கள். அடுத்த இரவு இஸ்ரேலிய ரசிகர்கள் தெருத்தெருவாகத் துரத்தி அடிக்கப்பட்டதும் அதே அளவுக்கு உண்மை. ஆக, அச்சத்துக்கு இடம் இருந்தது.

ஆனால் பர்மிங்காமுக்குப் பொறுப்பான வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீஸ் கொடுத்த அறிக்கையில், மக்காபி முன்பு வெஸ்ட் ஹாம் அணியுடன் ஆடிய ஆட்டம் ஒன்றும் குறிப்பிடப்பட்டிருந்தது. அப்படி ஓர் ஆட்டம் நடக்கவே இல்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவி கற்பனையாகச் சொன்னதைச் சரிபார்க்காமல் சேர்த்துவிட்டார்கள். ஆம்ஸ்டர்டாம் சம்பவம் பற்றி அவர்கள் எழுதியதில் பலவற்றை நெதர்லாந்து போலீஸே மறுத்தது. முடிவை முதலில் எடுத்துவிட்டு அதற்கேற்ற தகவலைத் தேடியிருக்கிறார்கள் என்று 2026 ஜனவரியில் போலீஸ் ஆய்வாளர் குழு சொன்னது. வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீஸின் தலைமை அதிகாரி அந்த மாதமே பணியிலிருந்து ஓய்வு பெற்றார். காரணத்தை வெளியே வைத்து விவாதிக்க வைத்ததால்தான் இந்தப் பிழை பிடிபட்டது. நம்மிடம் “சட்டம் ஒழுங்கு” என்ற இரண்டு சொல்லோடு கடிதம் முடிந்துவிடுகிறது.

நம்பிக்கை: அரசியல் சூடாக இருக்கும்போது வந்தவர்களைத் திருப்பி அனுப்பினால் ஊர் தணியும்.

இதற்கு நம் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. 2012 செப்டம்பர் முதல் வாரம். கொழும்பு ராயல் கல்லூரிக் கால்பந்து அணி சென்னை நேரு விளையாட்டரங்கில் நட்பு ஆட்டம் ஆடியிருந்தது. இரத்தினபுரியிலிருந்து பள்ளிச் சிறுவர் அணி ஒன்றும் வந்திருந்தது. இரண்டு அணிகளையும் உடனே இலங்கைக்குத் திருப்பி அனுப்ப முதல்வர் ஜெயலலிதா உத்தரவிட்டார். ஆட அனுமதித்த அரங்க அதிகாரி பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். தமிழர் உணர்வு புண்படுகிறது என்பதே சொல்லப்பட்ட காரணம்.

அதே வாரம் தஞ்சாவூர் மாவட்டத்துப் பூண்டி மாதா கோயிலுக்கு வந்த இலங்கை யாத்ரீகர்களுக்கு எதிராகப் போராட்டம் நடந்தது. அவர்கள் ஊர் திரும்பத் திருச்சி விமான நிலையம் போகும் வழியில் பேருந்துகள் தாக்கப்பட்டன. அந்தப் பேருந்துகளில் தமிழர்களும் இருந்தார்கள். ஒன்று மற்றதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. திருப்பி அனுப்பியதால் சூடு தணிந்தது என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. 2009 இலங்கைப் போரின் ரணம் ஆறாத காலம் அது. கோபம் நியாயமானது, இன்றும் நியாயமானது. அந்தக் கோபத்தின் கணக்கைப் பந்து உதைக்க வந்த பள்ளிப் பிள்ளைகளிடம் தீர்த்தது நியாயமல்ல.

2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தின்போது சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். கிரிக்கெட் ஆட்டக்காரர்களை நோக்கிச் செருப்பு பறந்தது. அதை எறிந்ததும் வெளியூர்க்காரர் இல்லை. சென்னையின் மற்ற ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. ஆயிரம் ரசிகர் வரை ஒரே ரயிலில் புனே போய் ஆட்டம் பார்த்துத் திரும்பினார்கள். கட்டுப்பாடாகப் போன வெளியூர் ரசிகர் என்றால் அன்று நாம்தான்.

கொல்கத்தாவும் ஒரு செய்தி சொல்கிறது. 2024 ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டம், ஆர்.ஜி.கர் மருத்துவமனைக் கொலைக்கு எதிரான போராட்டச் சூழலில், பாதுகாப்பு தர முடியாது என்று ரத்தானது. 1980-இல் இதே இரண்டு அணிகள் மோதிய நாளில் ஈடன் கார்டனில் 16 ரசிகர்கள் இறந்த நகரம் அது. அச்சம் புரிகிறது. ஆனால் ஆட்டம் நின்ற அன்று மாலை இரண்டு அணி ரசிகரும் மூன்றாவதாக முகமதன் ரசிகரும் சால்ட் லேக் மைதானத்துக்கு வெளியே தோளோடு தோள் சேர்ந்து நீதி கேட்டு நின்றார்கள். போலீஸ் தடியடி நடத்தியது.

எந்தத் தடையும் ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. 1985-இல் பெல்ஜியத்தின் ஹெய்செல் மைதானத்தில் 39 பேர் இறந்த பிறகு இங்கிலாந்து அணிகளை ஐந்து ஆண்டு ஐரோப்பியப் போட்டிகளில் இருந்து விலக்கியதற்குக் கண்ணால் கண்ட குற்றம் இருந்தது. ஆனாலும் குற்றம் செய்தவரைப் பெயர் சொல்லித் தடுப்பது வேறு, ஓர் ஊரையே தடுப்பது வேறு.

நம் பக்கத்து விழாக்குழுக்களிடம் கேட்பது இதுதான். வெளியூர் ஆள் வேண்டாம் என்று தீர்மானம் போடுமுன் மைதானத்தை ஒரு சுற்று நடந்து பாருங்கள். வெளியேற எத்தனை வழி, அவற்றில் எது பூட்டியிருக்கிறது, எந்த வழியை பைக் நிறுத்தி அடைத்திருக்கிறார்கள், கேலரிச் சவுக்குக் கட்டை எவ்வளவு பாரம் தாங்கும், வெளியூர் டீம் வேன் எந்தப் பக்கம் வெளியே போகும் என்று பாருங்கள். அதற்குப் பிறகும் தடை வேண்டுமென்றால் காரணத்தை எழுதி நுழைவாயிலிலேயே ஒட்டுங்கள்.