வன்கொடுமை வழக்கில் மேல்முறையீடு: இளம் வழக்கறிஞர்களுக்கு

சாதிக் கொடுமைக்கு ஆளானவர்களுக்காக வழக்காட வந்திருக்கும் தம்பி தங்கைகளே, சிறப்பு நீதிமன்றத்தோடு வழக்கு முடிவதில்லை. எதை எதிர்த்து, எப்போது மேலே போகலாம் என்பது உங்களுக்குத் தலைகீழ்ப் பாடமாக இருக்க வேண்டும்.

1. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 14ஏ பிரிவை முதலில் படியுங்கள். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. சிறப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பு, தண்டனை, உத்தரவு எதையும் எதிர்த்து உயர் நீதிமன்றம் போகலாம். சாட்சியங்களையும் அங்கே புதிதாக அலசலாம்.

2. இடைக்கால உத்தரவுக்கு இந்த வழி கிடையாது. வாய்தா கொடுத்தார்கள், சாட்சிக்குச் சம்மன் அனுப்பினார்கள் என்பதற்கெல்லாம் மேல்முறையீடு செய்ய முடியாது. ஆனால் உரிமையையே பாதிக்கும் உத்தரவு இடைக்கால உத்தரவு ஆகாது என்று 1977-இல் அமர்நாத், மது லிமாயே வழக்குகளில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விசாரணைக்கு முன்பே எதிரியை வழக்கிலிருந்து விடுவிப்பது அப்படிப்பட்ட உத்தரவு.

3. ஜாமீன் கொடுத்தாலும் மறுத்தாலும் மேல்முறையீடு உண்டு. பாதிக்கப்பட்டவருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் சொல்வதையும் கேட்க வேண்டும் என்கிறது 15ஏ பிரிவு. அது கட்டாயம் என்று 2021-இல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஜாமீன் உத்தரவு கைக்கு வந்ததும், நோட்டீஸ் பற்றிய வரி அதில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

4. காலக்கெடு 90 நாள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் அதன் பிறகும் ஏற்கலாம். 180 நாளுக்கு மேல் ஏற்கவே கூடாது என்ற நிபந்தனையை 2018-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

5. தீர்ப்பு சொன்ன அன்றே நகல் மனு போடுங்கள். மனு போட்ட நாள், நகல் தயாரான நாள் இரண்டையும் வழக்குக் கட்டில் குறித்து வையுங்கள். தாமதம் பற்றிய கேள்வி எழும்போது அந்தத் தேதிகள்தான் பேசும்.

6. அரசு மேல்முறையீடு செய்யாவிட்டாலும் பாதிக்கப்பட்டவர் செய்யலாம். விடுதலையை எதிர்க்க அவர் தனி அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பது 2018-இல் மல்லிகார்ஜுன் கொடகலி வழக்கில் வந்த தீர்ப்பு. அடிதடிக்குத் தண்டனை கொடுத்து, வன்கொடுமைப் பிரிவில் விடுவித்திருந்தால் அதையும் விடாதீர்கள்.

7. கீழே ஜெயித்தாலும் ஓயாதீர்கள். வெண்மணியில் 44 பேர் எரிந்து மடிந்த வழக்கில், கீழ் நீதிமன்றம் தண்டித்தவர்களை 1973-இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. வாச்சாத்தியில் பழங்குடி மக்கள் மீது அரசு ஊழியர்கள் கொடுமை இழைத்தது 1992-இல். 2011-இல் தருமபுரி நீதிமன்றம் 215 பேரைக் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்தார். 2023-இல் தீர்ப்பு உறுதியானது. மேல்முறையீட்டிலும் கீழ் நீதிமன்றத்தில் உழைத்த அளவுக்கு உழைக்க வேண்டும்.

8. தீர்ப்பு நாளன்று கட்சிக்காரரைச் சும்மா ஊருக்கு அனுப்பாதீர்கள். மேல்முறையீடு அவருடைய உரிமை, 90 நாள்தான் அவகாசம் என்று புரியும்படி சொல்லி, கடைசித் தேதியைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.