எலக்ட்ரானைப் படம் பிடிக்கும் லேசர்

அணுவுக்குள் ஓடும் எலக்ட்ரானை லேசர் வைத்துப் பார்க்கிறார்களாமே, எப்படி?

படமெடுப்பது என்பது பத்திரிகைப் பேச்சு. உண்மையில் அளக்கப்படுவது நேரம். எலக்ட்ரானின் அசைவுகள் அட்டோசெகண்டுக் கணக்கில் நடப்பவை. ஒரு விநாடியை நூறு கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடி நூறு கோடியாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு அட்டோசெகண்ட்.

சாதாரண லேசருக்கு இது எட்டாது. அகச்சிவப்பு அலையின் ஒரு சுற்றுக்கே 2,000 அட்டோசெகண்டுக்கு மேல் ஆகிவிடும். ஆகவே சுற்றுவழி. வலுவான லேசரை ஆர்கான் போன்ற வாயுவில் பாய்ச்சினால், அதன் மின்புலம் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி, திசை மாறியதும் திரும்பத் தள்ளுகிறது. பழைய இடத்தில் போய் ஒட்டும்போது, வழியில் சேர்த்த ஆற்றலை எலக்ட்ரான் மிகக் குறுகிய புறஊதாத் துடிப்பாக உமிழ்கிறது. 2001-இல் ஃபெரென்ஸ் க்ரவுஸின் வியன்னா குழு 650 அட்டோசெகண்ட் நீளமுள்ள தனித்துடிப்பைப் பிரித்தெடுத்தது. 2023 இயற்பியல் நோபலை அவருடன் ஆன் லுய்லியே, பியர் அகோஸ்தினி இருவரும் பகிர்ந்துகொண்டனர்.

இந்த அட்டோசெகண்ட் துடிப்பு வேறோர் அணுவின் எலக்ட்ரானை வெளியே உதைக்கிறது. கூடவே வரும் அகச்சிவப்பு அலை, எலக்ட்ரான் கிளம்பிய கணத்தைப் பொறுத்து அதன் வேகத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். வேக மாற்றத்தைப் படித்தால் நேரம் தெரிந்துவிடும். நியானின் இரண்டு ஆர்பிட்டல்களிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்புவதில் சுமார் 20 அட்டோசெகண்ட் இடைவெளி இருப்பது 2010-இல் இப்படித்தான் பிடிபட்டது.

எலக்ட்ரானைக் கட்டுப்படுத்துவதும் நடக்கிறது. லேசர் துடிப்புக்குள் அலையின் முகடு எங்கே விழுகிறது என்பதை மாற்றி, டியூட்டீரியம் மூலக்கூறு உடையும்போது எலக்ட்ரான் எந்தத் துண்டோடு போக வேண்டும் என்பதை 2006-லேயே ஓரளவு திருப்பிக் காட்டினார்கள்.