கடைசி நிமிஷத்தில் இறங்குவது கோழைத்தனமா?



பள்ளி விடுமுறை வந்துவிட்டால், நம் ஊரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைப் பக்கம் உல்லாசப் பிரயாணம் புறப்படாத தெருவே இல்லை. ஈஞ்சம்பாக்கத்து வி.ஜி.பி., முட்டுக்காட்டு எம்.ஜி.எம்., 2025 டிசம்பரில் இள்ளலூரில் திறந்த வொண்டர்லா என்று நம் பிள்ளைகள் அந்தப் பெயர்களை ஞானோபதேசப் பாடத்தைவிடச் சுத்தமாக ஒப்புவிக்கிறார்கள். போய் வந்த பின்போ, வீட்டுக்கு வீடு ஒரே கதை காதில் விழுகிறது. வெயிலில் வரிசையில் நின்று, படியேறி, வண்டியில் உட்காரும் தறுவாயில், "எனக்கு வேண்டாம்" என்று இறங்கிவிட்ட பிள்ளையின் கதை அது. திரும்பி வரும் பஸ்ஸில் அந்தப் பிள்ளை படும் பாடு கொஞ்சமல்ல. அண்ணன் "பயந்தாங்கொள்ளி" என்கிறான். தகப்பனார் "இவனுக்குப் போய் டிக்கட் எடுத்தேனே" என்கிறார். மடியில் வைத்துத் தேற்ற வேண்டிய பாட்டியும் சேர்ந்து சிரிக்கிறாள்.

விளையாட்டுக் காரியந்தானே, இதற்கு ஒரு பாடமா என்று கேட்பீர்கள். அந்த யந்திரம் எப்படி ஓடுகிறது என்று முதலில் பார்ப்போம். பிறகு விளையாட்டா அல்லவா என்று நீங்களே தீர்மானிக்கலாம்.

முற்காலத்தில் திருவிழாத் திடல்களில் மர ராட்டினம் சுற்றும். அதைச் சுற்றுகிறவன் ஒரு மனிதன். மேலே போன பிள்ளை வீறிட்டு அழுதால், "அண்ணே, நிறுத்துங்க" என்று தாய் கீழேயிருந்து ஒரு குரல் கொடுப்பாள். அவன் கையை நிறுத்திவிடுவான். அதாவது, ஏறின பிறகும் மனம் மாற இடமிருந்தது. இப்போதுள்ள பெரிய யந்திரங்களில் அந்த வசதி கிடையாது.

ரோலர் கோஸ்டரையே எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு பேசும் நம் ஊர்ப் பெரியவர்கள் அதை மோந்தாஞ் ரூஸ், ருஷிய மலைகள், என்பார்கள். ருஷிய தேசத்தில் மரச் சாரங்களின் மேல் பனிக்கட்டி பூசிச் சறுக்கி விளையாடிய பழக்கத்திலிருந்து வந்த பெயர் அது. 1817-ல் பாரீஸ் மாநகரில், சக்கரம் பாதையை விட்டு விலகாதபடி பொருத்திய வண்டிகள் ஓடின. இன்றைக்கும் சூட்சுமம் அதிகம் மாறவில்லை. பெரும்பாலான வண்டிகளை ஒரு சங்கிலி இழுத்து உச்சிக்குக் கொண்டுபோகிறது. ஏறும்போது கேட்கிற 'டக் டக்' என்ற சத்தம், வண்டி பின்னோக்கி உருளாதபடி தடுக்கிற இரும்பு நாக்கின் சத்தம். உச்சியைத் தாண்டியதும் மோட்டாருக்கு வேலை இல்லை; மேலே ஏறிய உயரமே வண்டியைக் கீழே ஓட்டுகிறது. அந்த நிலையில் அலறினாலும், அழுதாலும், பணம் கொடுத்தாலும் உங்களுக்காக அதை நிறுத்த யாராலும் முடியாது.

ஆகையால், இறங்குவதற்கு உண்மையான இடம் ஒன்றே ஒன்று: வண்டி புறப்படுகிற மேடை. ஏறிய பக்கமாகவே வரிசையைத் தள்ளிக்கொண்டு திரும்ப வேண்டுமென்பதில்லை. பெரும்பாலும் வண்டியின் ஒரு பக்கம் ஏறவும் மறுபக்கம் இறங்கவும் வழி வைத்திருப்பார்கள். குறுக்கே நடந்து மறுபக்கமாய்ப் போய்விடலாம். அமெரிக்கர் இந்த வழிக்குப் பரிகாசமாகக் 'கோழி வாசல்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். (நம் பாஷையில் கோழிக்கும் கோழைக்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், பரிகாசத்திற்கு எல்லா ஊரிலும் ஒரே புத்திதான் போலும்.) மார்புத் தடுப்பு பூட்டப்பட்ட பிறகு மனம் மாறினாலும், வண்டி அசைவதற்குமுன் கையை உயர்த்திச் சத்தமாகச் சொல்லலாம், ஊழியர் பூட்டைத் திறந்துவிடுவார். அவருக்கு இது தினமும் நடக்கிற காரியம். உங்கள் முகத்தைக்கூட அவர் ஞாபகம் வைத்துக்கொள்ளமாட்டார்.

வண்டி அசைந்துவிட்டதா? அப்போது இறங்க முயலவே கூடாது. தடுப்பிலிருந்து நழுவப் பார்ப்பதும், எழுந்திருப்பதும் ஓட்டத்தைவிடப் பெரிய ஆபத்து. தலையைப் பின்னால் சாய்த்து, கம்பியைப் பிடித்து, முடியும்வரை உட்கார்ந்திருப்பதே வழி. 2025 மே 27-ந் தேதி வி.ஜி.பி. பூங்காவில் ஒரு யந்திரம் உயரத்திலேயே நின்றுபோய், குழந்தைகள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோர் மணிக்கணக்கில் அந்தரத்தில் இருந்தார்கள். தீயணைப்புப் படையினர் உயரம் தூக்கும் வண்டியைக் கொண்டுவந்து அவர்களைப் பத்திரமாக இறக்கினார்கள். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தபடியால் எல்லோரும் வீடு வந்து சேர்ந்தார்கள். ஆனால் மேலே இருந்த அந்த நேரம் முழுவதும் தீர்மானம் அவர்கள் கையில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இதை விட வருத்தமான சம்பவங்களும் உண்டு. 2016 மே மாதம் தாம்பரத்தை அடுத்த கிஷ்கிந்தாவில் புதிய யந்திரம் ஒன்றைச் சோதித்துப் பார்க்கையில் ஊழியர் ஒருவர் மாண்டார். 2019 ஜூலை 14-ல் ஆமதாபாத் காங்காரியா ஏரிப் பூங்காவில் ஊஞ்சல்போல ஆடும் யந்திரம் முறிந்து விழுந்து இருவர் இறந்தனர். இவற்றைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. தினமும் ஆயிரக்கணக்கானோர் ஏறிச் சிரித்துக்கொண்டு இறங்குகிறார்கள். நம் பிள்ளைகளும் போகட்டும். ஆனால், "இதில் பயப்பட என்ன இருக்கிறது?" என்று பிள்ளையைக் கேட்கிறவர், பிள்ளையைவிட அதிகம் தெரிந்து கேட்கவில்லை என்றே சொல்லவேண்டும்.

பயம் என்பது வெறும் மனப்பிரமையும் அல்ல. ஜெர்மனியில் மன்ஹைம் நகரத்து வைத்தியர்கள் ஆரோக்கியமான 55 பேரை ரோலர் கோஸ்டரில் ஏற்றிச் சோதித்தபோது, நிமிஷத்துக்கு 90-க்குப் பக்கத்தில் இருந்த நாடித்துடிப்பு சராசரியாக 150-க்கு மேல் போயிற்று. திடமான வாலிபனின் இருதயம் அதைத் தாங்கும். இருதய நோயாளியும், ரத்த அழுத்தம் மிகுந்தவரும், கழுத்து அல்லது முதுகெலும்பில் உபாதை உள்ளவரும், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவரும், வலிப்பு நோய் உள்ளவரும், கர்ப்பிணிகளும் ஏறக்கூடாது என்று வாசலிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். பலகையை நாம் வாசிப்பதில்லை. அது வேறு விஷயம்.

இங்கே மருமக்களை உடைய தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கலியாணமான புதிதில் ஒரு பெண் நாத்தனார், கொழுந்தனாரோடு பூங்காவுக்குப் போகிறாள். தனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறதென்று அவளுக்கு மட்டும் ஐயம்; இன்னும் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. "வாங்க அண்ணி, ஒண்ணும் ஆகாது" என்று கையைப் பிடித்து இழுத்தால் அந்தப் பெண் என்ன காரணம் சொல்வாள்? காரணம் கேட்காமலே "சரிம்மா, நீ நிழலில் உட்கார்" என்று சொல்லத் தெரிந்த மாமியார் இருந்தால் அவள் பிழைத்தாள். "வேண்டாம்" என்றவரிடம் ஏன் என்று கேளாதிருப்பது எத்தனை பெரிய உபகாரம் என்பது இப்படிப்பட்ட வேளையில்தான் விளங்கும்.

கேலிக்குப் பயந்து ஏறுகிறவன் தைரியசாலி அல்ல. ஒரு பயத்தை இன்னொரு பயத்தால் அடக்கினவன், அவ்வளவே. அர்ச். தோமாஸ் அக்குவினாஸ், திடம் என்னும் புண்ணியத்தை விளக்குகையில், பயங்கொள்ள வேண்டியதற்குப் பயங்கொள்ளாமையையும், கண்மூடித்தனமான துணிச்சலையும் அந்தப் புண்ணியத்துக்கு விரோதமான குற்றங்களாகவே வைக்கிறார். வள்ளுவரும் அறிவுடைமை அதிகாரத்தில் அச்சத்தை முற்றிலும் தள்ளிவிடவில்லை. மேலும் திடம் என்பது நல்ல காரியத்தை முன்னிட்டுத் துன்பத்தைத் தாங்குவது. காய்ச்சலில் கிடக்கும் அயலானைக் கவனிக்கப் பயந்து பின்வாங்கினால், அது கோழைத்தனம். ராட்டினத்தில் ஏறாமல் நின்றால் எந்தக் கடமை குறைந்துபோயிற்று?

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. பத்து வயதில் "வேண்டாம்" என்று சொல்லி அவமானப்பட்ட பிள்ளை, இனிமேல் அதைச் சொல்லக்கூடாது என்று கற்றுக்கொள்கிறான். பதினெட்டு வயதில் குடித்த சிநேகிதன் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறச் சொல்லும்போது, அந்தப் பாடம்தான் அவனுக்கு ஞாபகம் வரும். கலியாணத்திற்குக்கூடத் திருச்சபை, பலவந்தமின்றிச் சுயமனதோடு வந்தீர்களா என்று பீடத்தின் முன்னே கேட்கிறது. பலவந்தத்தாலும் கடும் பயமுறுத்தலாலும் செய்த சம்மதம் செல்லாது என்பது சட்டம். பந்தலும் சாப்பாடும் தயாராகிவிட்டதே என்று அது பார்ப்பதில்லை. நாமோ டிக்கட் காசைப் பார்க்கிறோம்! அதிலும் இந்தப் பூங்காக்களில் வாசலில் ஒருமுறை கட்டணம் கட்டினால் பெரும்பாலான யந்திரங்களுக்கு அதுவே போதும். ஒன்றில் ஏறாமல் நின்றதனால் யாருக்கும் காசு நஷ்டமில்லை.

பிள்ளையே ஆசைப்பட்டு, ஊழியர் "கூடாது" என்று சொல்லும் சந்தர்ப்பமும் உண்டு. அப்போது தகப்பன்மார் சிலர் சண்டைக்கு நிற்கிறார்கள். குதிகாலைத் தூக்கி நின்று உயரக் கோட்டைத் தொடப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தக் கோடு அலங்காரத்திற்கு இட்டதல்ல. தடுப்புக் கம்பி இத்தனை அளவுள்ள உடலைத்தான் பிடிக்கும் என்று கணக்கிட்டு இட்டது. 2022 மார்ச்சில் அமெரிக்காவில் ஒர்லாண்டோ நகரில் 430 அடி உயர கோபுர யந்திரத்திலிருந்து 14 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து மாண்டான். அவன் எடை அந்த யந்திரத்துக்கு விதித்த வரம்பை மிகவும் தாண்டியிருந்தது. அவன் உட்கார்ந்த ஆசனத்தின் தடுப்பில் மாற்றம் செய்திருந்ததாக விசாரணையில் வெளிவந்தது. 'கூடாது' என்று திருப்பியனுப்பியிருந்தால், அன்று அவனுக்குச் சற்று வருத்தம் உண்டாகியிருக்கும். அவ்வளவே.

பயந்த பிள்ளை என்றைக்கும் ஏறக்கூடாதென்று இதற்கு அர்த்தமில்லை. முதலில் சிறிய யந்திரத்தில் ஏறட்டும். பெரியது ஓடுவதை இரண்டு முறை கீழே நின்று பார்க்கட்டும். தானாகவே "இப்போது போகிறேன்" என்று வருகிற பிள்ளைகள் அநேகர். அடுத்த வருஷம் வந்தாலும் சரி. யந்திரம் எங்கேயும் போய்விடாது.

நம் ஞானோபதேசப் பிள்ளைகளின் பிரயாணத்திற்கு ஓர் ஏற்பாடு செய்யலாம். ஒவ்வொரு யந்திரத்தின் இறங்கும் வழியிலும் பெரியவர் ஒருவர் பைகளையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு நிற்கவேண்டும். ஏறாமல் திரும்பி வருகிற பிள்ளை நேரே அவரிடம் வரும். அவர் ஒன்றும் விசாரிக்காமல் தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் போதும். இந்த வேலைக்கு நான்கு பேர் தேவை. வெயிலில் நிற்கவும் வாயை மூடிக்கொண்டிருக்கவும் சம்மதமுள்ளவர்கள் ஞாயிறு பூசைக்குப் பின் பங்கு வீட்டில் பெயர் கொடுக்கலாம்.