வீட்டில் செய்யும் குளியல் சோப்பு: அளவும் அலங்காரமும்



"சோப்பு போடக் கத்துக் கொடுங்க" என்று பல குழுக்களில் கேட்கிறீர்கள். "தொழிலா இல்லாட்டியும் பரவாயில்லை, வீட்டுக்கும் சொந்தக்காரங்களுக்கும் விதவிதமா செஞ்சு பார்க்கணும்" என்று சொல்லும் அக்காமாரும் உண்டு. அவர்களுக்காக இந்த மாதப் பாடம். பூ, நிறம், வாசனை எல்லாம் பிறகு வரும். முதலில் நாம் பேச வேண்டியது தராசைப் பற்றி.

சோப்பு என்பது எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து மாறிய பொருள். காஸ்டிக் சோடா குறைந்தால் சோப்பு பிசுபிசுக்கும், அவ்வளவுதான். கூடினால் மிச்சம் சோப்பிலேயே தங்கித் தோலை அரிக்கும். ஆகவே "ஒரு டம்ளர் எண்ணெய்க்கு இரண்டு ஸ்பூன்" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். காஸ்டிக் சோடா செதிலாகவும் வருகிறது, மணியாகவும் வருகிறது. இரண்டும் ஒரே ஸ்பூனில் ஒரே எடை நிற்காது.

எண்ணெயிலும் இதே சிக்கல்தான். அரை லிட்டர் தேங்காய் எண்ணெய் 500 கிராம் இருக்காது, சுமார் 460 கிராம்தான் இருக்கும். எண்ணெயை மாற்றினாலும் கணக்கு மாறிவிடும். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். ஒரு கிலோ நல்லெண்ணெய்க்கு 135 கிராம் அளவே போதும். தேங்காய் எண்ணெய்க்கான அளவை வைத்துக்கொண்டு நல்லெண்ணெயில் சோப்பு போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். கிராம் காட்டும் எலக்ட்ரானிக் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது என்பது எங்கள் கருத்து. குழுவுக்கு ஒன்று வாங்கி மாறி மாறி வைத்துக்கொள்ளலாம்.

வாங்கும்போதும் கவனம் வேண்டும். சலவை சோடா, ஆப்ப சோடா, காஸ்டிக் சோடா மூன்றும் வேறு வேறு. காஸ்டிக் சோடா தோலைப் பொசுக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கரைசல் பார்ப்பதற்குத் தண்ணீர் மாதிரியே இருக்கும். அதைக் குடிதண்ணீர் பாட்டிலிலோ, சமையலறை டப்பாவிலோ ஒரு நிமிஷம்கூட வைக்கக் கூடாது. பெயர் எழுதி ஒட்டி, பூட்டி வையுங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரத்தில், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். ரப்பர் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம்.

தோலில் பட்டால் எலுமிச்சை, வினிகர் என்று தேடாமல், ஓடும் தண்ணீரில் 20 நிமிஷம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் அதேபோல் கழுவியபடியே 108-ஐக் கூப்பிடுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வரும்போதும் தொண்டையைப் பொசுக்கும். வாயைக் கொப்பளிக்க வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

இனி செய்முறை. தேங்காய் எண்ணெய் 500 கிராம், காஸ்டிக் சோடா 80 கிராம், தண்ணீர் 190 கிராம். மூன்றையும் தராசில் நிறுத்தே எடுக்க வேண்டும். 500 கிராம் எண்ணெய் முழுவதும் மாற 91 கிராம் சோடா பிடிக்கும். வேண்டுமென்றேதான் குறைத்திருக்கிறோம். தேங்காய் எண்ணெய் சோப்பு அழுக்கை நன்றாக எடுக்கும், ஆனால் தோலை வறட்டும். கொஞ்சம் எண்ணெய் மாறாமல் நின்றால் வறட்சி குறையும். இந்தச் சோப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் கடல் தண்ணீரில் குளிக்கத் தேங்காய் எண்ணெய் சோப்பைத்தான் வைத்திருந்தார்கள்.

எவர்சில்வர் பாத்திரத்தில் முதலில் தண்ணீர், பிறகு அதில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். மாற்றிச் செய்தால், அதாவது சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால், கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. சோடா அதை அரித்து, தீப்பிடிக்கும் வாயுவைக் கிளப்பும். கரையும்போது அடுப்பில் வைத்தது போலச் சூடாகும், ஆவி வரும். முகத்தை மேலே காட்டாதீர்கள். கை பொறுக்கும் சூட்டுக்குப் பாத்திரம் ஆறிய பிறகு, கரைசலை எண்ணெயில் மெல்ல ஊற்றி விடாமல் கலக்க வேண்டும். கையால் கலக்கினால் பொறுமை வேண்டும், நேரம் பிடிக்கும். தோசை மாவுப் பதம் வந்து, கரண்டியிலிருந்து விட்ட கோடு மேலேயே நின்றால் அச்சில் ஊற்றலாம். பிளாஸ்டிக் டப்பாவே அச்சுக்குப் போதும். தேங்காய் எண்ணெய் சோப்பு சீக்கிரம் இறுகும். மறுநாள்வரை விட்டால் வெட்டும்போது உடையும். காலையில் ஊற்றினால் சாயங்காலமே தொட்டுப் பார்த்து, கெட்டியானதும் கையுறையோடு வெட்டுங்கள். ஏழு கட்டி வரும். நிழலில், காற்றுப்பட, நான்கு வாரம் அடுக்கி வைத்த பிறகுதான் குளிக்க எடுக்க வேண்டும்.

இப்போது அலங்காரம். பச்சைப் பூவும் இலைச்சாறும் வேண்டாம். ரோஜா இதழ் சோப்புக்குள் போனால் பழுப்பாகிவிடும். குப்பைமேனி, ஆவாரம்பூ போன்றவற்றை நன்றாகக் காயவைத்துச் சலித்த பொடியாக ஒரு ஸ்பூன் சேர்க்கலாம். பச்சை நிறம் அப்படியே நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மஞ்சள் தூள் போட்டால் வேடிக்கை பார்க்கலாம். ஆரத்தியில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது போல சோப்புக் கலவையும் சிவக்கும், நாளாக ஆகத் தணியும். "மஞ்சள் தடவி சிவந்தா சோடா அதிகம்னு அர்த்தமாமே" என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். கடைச் சோப்பிலும் மஞ்சள் சிவக்கும். சேலையில் பட்ட மஞ்சள் கறை துவைக்கும்போது சிவப்பதைப் பார்த்ததில்லையா? அது சோதனை ஆகாது.

எங்களுக்குப் பிடித்தது வெட்டிவேர்தான். நறுக்கிய வேரை மேலே தூவினால் அழகும் ஆச்சு, முதுகு தேய்க்கவும் ஆச்சு. வெட்டிய கட்டியின் மேல் பழைய முறுக்கு அச்சுத் தட்டை அழுத்தினால் நட்சத்திரக் கோலம் விழும். அந்தத் தட்டு பிறகு சமையலுக்குத் திரும்பக் கூடாது. கொழுக்கட்டை அச்சு பெரும்பாலும் அலுமினியம், அதை விட்டுவிடுங்கள்.

கைக்குழந்தை, ஓடியாடும் பிள்ளை உள்ள வீட்டில் காஸ்டிக் சோடா வேலையே வேண்டாம். கடையில் கிடைக்கும் சோப் பேஸை வாங்கி, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, பொடி சேர்த்து ஊற்றினால் போதும், அன்றைக்கே குளிக்கலாம். கிளிசரின் உள்ளதால் மழைக்காலத்தில் வியர்த்த மாதிரி நீர் கோர்க்கும். காகிதம் சுற்றி டப்பாவில் வையுங்கள்.

நாலு பேர் "நல்லா இருக்கு" என்றதும் விற்கலாமே என்று தோன்றும். குளியல் சோப்பு அழகுசாதனப் பொருள் கணக்கில் வருகிறது. விற்பதற்காகத் தயாரிக்க, 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி உரிமம் வேண்டும். கையால் செய்தது, வீட்டில் செய்தது என்று விலக்கு கிடையாது. தமிழ்நாட்டில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் விசாரிக்க வேண்டும். குப்பைமேனி போட்டதால் சொறி சிரங்கு தீரும் என்று எழுதி ஒட்டினால் வேறு சட்டச் சிக்கலும் வரும். ஆகவே சோப்புக்காகக் குழுவில் கடன் கேட்பவர், இடம், உரிமம், வாங்கும் ஆள் மூன்றையும் விசாரித்த விவரத்தைக் கூட்டத்தில் சொல்லி, தீர்மான நோட்டில் எழுதிய பிறகே பணத்தை எடுக்கட்டும். அதுவரை உங்கள் வீட்டுக் குளியலறைக்கு மாதம் ஏழு கட்டி தாராளம்.